பலமான எஞ்சின், பெரிய டிக்கி: குடும்ப எஸ்டேட் கார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஸ்டேட், ஸ்டேஷன் வேகன், ஆவான்ட், டூரிங், கோம்பி என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர். வடிவம் ஒன்றுதான். செடான் போலத் தாழ்ந்த உடல், பின்பக்கம் வரை நீண்ட கூரை, கடைசியில் மேலே தூக்கித் திறக்கும் பெரிய கதவு. அதில் 250, 300 குதிரைத்திறனுக்கு மேல் எஞ்சின் வந்துவிட்டால் அது தனி ரகம். பல வருஷமாக எங்கள் குடும்பம் இப்படிப்பட்ட வண்டிகளில்தான் போய்வருகிறது. வாங்க நினைப்பவர்களும் புதிதாக வாங்கியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, நான் சொன்ன பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

வேகமான எஸ்டேட் என்ற யோசனை எங்கிருந்து வந்தது?

பெரிய எஞ்சின் வைத்த வேகன்கள் அதற்கு முன்பும் உண்டு. பிஎம்டபிள்யூ 1992-லேயே எம்5 டூரிங் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் இந்த ரகத்துக்கு ஒரு முகம் கொடுத்தது 1994-இல் வந்த ஆடி ஆர்எஸ்2 ஆவான்ட் என்பேன். போர்ஷேயோடு சேர்ந்து உருவாக்கியது. 2.2 லிட்டர், ஐந்து சிலிண்டர், டர்போ, 315 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. அதே ஆண்டு வோல்வோ தன் 850 எஸ்டேட்டை பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் இறக்கியது. சாமான் ஏற்றும் வண்டி பந்தயத் தடத்தில் செடான்களோடு உரசிக்கொண்டு ஓடிய படங்கள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2002-இல் வந்த முதல் ஆர்எஸ்6 ஆவான்ட் 450 குதிரைத்திறன். 2019-இல் வந்த தலைமுறை 600-இல் தொடங்கியது. 2024-இல் வந்த எம்5 டூரிங் ஹைப்ரிட், 727 குதிரைத்திறன், எடை ஏறக்குறைய 2.5 டன்.

இந்த 2.5 டன்னை நினைவில் வையுங்கள். கீழே பேசப்போவதில் பாதி எடையைப் பற்றியதுதான்.

எஸ்யூவி வாங்கினால் ஆகாதா?

ஆகும். உயரமாக உட்கார்ந்தால்தான் வசதி என்பவர்களுக்கும், முட்டி வலி உள்ள பெரியவர்களை அடிக்கடி அழைத்துப் போகிறவர்களுக்கும் எஸ்யூவிதான் சரி. மற்றவர்களுக்கு எஸ்டேட்டில் மூன்று லாபம். புவியீர்ப்பு மையம் தாழ்வாக இருப்பதால் வளைவில் குறைவாகச் சாய்கிறது. முன்பக்கப் பரப்பு குறைவு, அதனால் நெடுஞ்சாலை வேகத்தில் காற்றைத் தள்ள அவ்வளவு சிரமப்படுவதில்லை. மூன்றாவது, கூரை எட்டும் உயரத்தில் இருக்கிறது. கூரைமேல் பூட்டும் சாமான் பெட்டியான ரூஃப் பாக்ஸில் எதையும் ஏற்ற ஸ்டூல் தேட வேண்டாம். டிக்கியின் விளிம்பும் தாழ்வு என்பதால் கனமான சாமானை இடுப்புக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. வயதான நாய்கூடத் தானாக ஏறிக்கொள்ளும்.

எத்தனை குதிரைத்திறன் போதும்?

வண்டியில் நீங்கள் தனியாகப் போகும்போது 200 தாராளம். ஐந்து பேர், சாமான், கூரையில் பெட்டி என்று ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டுச் சாலையில் லாரியைத் தாண்டும்போதுதான் பலமான எஞ்சினின் அருமை தெரியும். எதிர்ப்பக்கத்தில் நிற்கும் நேரம் குறைகிறது, அவ்வளவுதான் வேண்டும். முழுச் சுமையோடு பார்த்தால் 250 முதல் 320 வரை ஒரு குடும்பத்துக்கு நிறைவானது என்பது என் எண்ணம். அதற்கு மேல் போகப்போக டயர், பிரேக், ஆயில் எல்லாம் அடுத்த படிக்குப் போகின்றன. அந்தச் செலவு வண்டி வாங்கிய அன்றோடு முடிவதில்லை, வருஷா வருஷம் வரும்.

டிக்கி எத்தனை லிட்டர் என்று பார்த்தால் போதுமா?

லிட்டர் கணக்கு ஏமாற்றும். ஸ்கோடா ஆக்டேவியா எஸ்டேட்டுக்கு 640 லிட்டர், அதைவிட மிகப் பலமான பிஎம்டபிள்யூ எம்3 டூரிங்குக்கு 500. வண்டி பெரிதானால், விலை கூடினால் டிக்கியும் பெரிதாகும் என்று நம்ப வேண்டாம். ஹைப்ரிட் வண்டிகளில் பேட்டரி தரைக்கடியில் உட்கார்ந்துகொண்டு இடத்தைத் தின்னும், அதையும் கவனியுங்கள்.

என் வழி இதுதான்: வண்டி பார்க்கப் போகும்போது வீட்டிலிருக்கும் பெரிய பெட்டி ஒன்றையும், குழந்தை தள்ளுவண்டி இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். வைத்துப் பார்த்துக் கதவை மூடுங்கள். பின்கண்ணாடி சாய்வாக இறங்கும் வண்டிகளில் கீழே இடம் இருக்கும், மேலே பெட்டியின் முனை கண்ணாடியில் இடிக்கும். சக்கர வளைவுகளுக்கு நடுவே அகலம் எவ்வளவு, சீட்டை மடித்தால் தரை மட்டமாக வருகிறதா, நடுச்சீட்டு மட்டும் தனியாக மடிகிறதா என்பதையும் பாருங்கள். நடுவே மட்டும் மடிந்தால் நீளமான சாமானை உள்ளே நீட்டிவிட்டு இரண்டு பிள்ளைகளையும் இரு பக்கம் உட்கார வைக்கலாம்.

உபகரணம் எதையும் வாங்கும் முன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். பலரும் தாண்டிப் போகும் கட்டம் இது.

வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, கதவுத் தூணிலோ எஞ்சின் பகுதியிலோ ஒட்டிய தகட்டில் இருக்கும். அதிலிருந்து காலி வண்டி எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. காலி எடையில் ஒரு சூட்சுமம் உண்டு. ஐரோப்பிய முறையில் சொன்ன காலி எடையில் ஓட்டுநருக்கு 75 கிலோ ஏற்கெனவே சேர்ந்திருக்கும், வேறு முறையில் சொன்னதில் சேர்ந்திருக்காது. எந்த முறை என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீதி 500 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நிறைய மாதிரி இருக்கும். இரண்டு பெரியவர்கள் 150, மூன்று பிள்ளைகள் 120, குழந்தை இருக்கைகள் 25, நாய் 30, நாய்க்கூண்டு 20, ரூஃப் பாக்ஸும் அதைத் தாங்கும் குறுக்குக் கம்பியும் 25. ஒரு பெட்டிகூட இன்னும் ஏற்றவில்லை, 370 கிலோ போய்விட்டது. பனோரமா கண்ணாடிக் கூரை, மின்சார சீட், பெரிய சக்கரம் என்று வாங்கும்போது கூட்டிக்கொண்ட ஒவ்வொன்றும் காலி எடையில் ஏறி இந்த மீதியைக் குறைக்கும்.

ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் எடையைப் பற்றிக் கவலை வேண்டாமே?

அது உயரத்தைத்தான் சரி செய்யும். சாமான் ஏற்றியதும் பின்பக்கம் இறங்கும், அது காற்றை நிரப்பித் தூக்கி நிறுத்தும், வெளியிலிருந்து பார்த்தால் வண்டி சமமாக நிற்கும். டயரும் அச்சும் பிரேக்கும் அதே சுமையைத்தான் தாங்கிக்கொண்டிருக்கும். சாதாரண ஸ்பிரிங் வண்டி தொங்கிப்போய் எச்சரிக்கும், இதில் அந்த எச்சரிக்கை கிடைக்காது. அதனால் ஏர் சஸ்பென்ஷன் வைத்திருப்பவர்கள் கணக்கை இன்னும் கவனமாகப் போட வேண்டும். இன்னொன்று, ஜாக்கி வைக்கும் முன் சஸ்பென்ஷனை ஜாக்கி நிலைக்கு மாற்ற மறக்காதீர்கள்.

முதலில் வாங்க வேண்டிய ஒரே பொருள் எது?

பின்சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே கட்டும் வலை, அல்லது கம்பித் தடுப்பு. வண்டியோடு வந்திருந்தால் அதை எடுத்து மாட்டுங்கள், வராவிட்டால் உங்கள் மாடலுக்கென்றே செய்ததை வாங்குங்கள். மற்றதெல்லாம் பிறகு.

செடானில் டிக்கி தனி அறை. எஸ்டேட்டில் நீங்கள் உட்கார்ந்திருப்பதும் சாமான் இருப்பதும் ஒரே அறை. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதினால் கட்டாத பொருள் தன் எடையைப் போல 30, 40 மடங்கு விசையோடு முன்னால் வரலாம். ஒரு கிலோ தண்ணீர் பாட்டில் அந்தக் கணத்தில் மூட்டை அரிசி கனத்தில் பின்மண்டையை அடிக்கும்.

எனக்கு இது புரிந்தது ஒரு சாதாரண பிரேக்கில்தான். முன்னால் போன வண்டி திடீரென நின்றது, நானும் அழுத்தி நிறுத்தினேன், மோதவில்லை. ஆனால் டிக்கியில் மற்ற சாமான்களின் உச்சியில் வைத்திருந்த டூல் பாக்ஸ், சீட்டின் மேல்விளிம்பைத் தாண்டி என் மகளின் தலைக்கும் ஜன்னலுக்கும் நடுவே வந்து விழுந்தது. அவள் அழக்கூட இல்லை, “அப்பா, பெட்டி” என்று மட்டும் சொன்னாள். அன்று வலை மடித்த மடிப்பு கலையாமல் வீட்டு அலமாரியில் இருந்தது. அதற்குப் பிறகு அதைக் கழற்றியதே இல்லை.

பல வலைகளை இரண்டு இடத்தில் மாட்டலாம். பின்சீட்டு நிமிர்ந்திருக்கும்போது அதன் பின்னால், மடித்துவிட்டால் முன்சீட்டுகளுக்குப் பின்னால். கூரை உறையில் இருக்கும் சிறிய மூடிகளைத் திறந்து பாருங்கள், கொக்கி மாட்டும் குழிகள் அங்கேதான் இருக்கும்.

டிக்கியை மூடும் இழுதிரை இருக்கிறதே, அது தடுக்காதா?

தடுக்காது. அது வெளியிலிருந்து பார்வை படாமல் மறைக்கும் துணி மட்டுமே. அதன்மேல் குடை, செய்தித்தாள் என்று எதையும் வைக்காதீர்கள். சாமானை அந்தத் திரையின் உயரத்துக்குள் அடக்கினால் நல்லது. கனமானவை தரையில், சீட்டு முதுகை ஒட்டி. இலேசானவை அவற்றின் மேல், பின்னால்.

கட்டுவதற்கு எந்தக் கயிறு?

நெய்த பட்டையும் இறுக்கும் கொக்கியும் உள்ளது. டிக்கித் தரையின் நான்கு மூலையில் இருக்கும் வளையங்களில் மாட்டிக் குறுக்காக இழுத்துக் கட்டுங்கள். ரப்பர் கயிறு வேண்டாம். அது நீளும், நீண்டால் சாமான் நகரும், கொக்கி நழுவினால் கண்ணைப் பதம் பார்க்கும். குழந்தை இருக்கையின் மேல்பட்டைக்கென்று இருக்கும் கொக்கியிலும் சாமானைக் கட்டாதீர்கள். சில வண்டிகளில் இரண்டும் அருகருகே இருக்கும். எது எதற்கு என்று ஒருமுறை கையேட்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாயை எப்படி அழைத்துப் போவது?

கூண்டு நல்லது, கம்பித் தடுப்பு அடுத்தது, நாயின் உடலைச் சுற்றி மாட்டும் தோள்வார் மூன்றாவது. கூண்டு வாங்கும்போது மோதல் சோதனை செய்ததா என்று கேளுங்கள், சீட்டு முதுகை ஒட்டி வைத்துத் தரை வளையத்தில் கட்டுங்கள். கழுத்துப் பட்டையில் மட்டும் கட்டிவைக்கக் கூடாது, பிரேக் போட்டால் கழுத்துதான் முறியும். கூண்டுக்கடியில் வழுக்காத விரிப்பு ஒன்று போதும். வேகமான வண்டியில் நாய்க்கு மயக்கம் வருவது முன்னால் போகும் வேகத்தால் அல்ல, வளைவில் பக்கவாட்டில் தள்ளப்படுவதால். நாய் பின்னால் இருக்கும்போது நான் வளைவுகளை வயதான பாட்டியை ஏற்றிக்கொண்டு போவது போலத்தான் எடுக்கிறேன்.

பின்சீட்டில் மூன்று குழந்தை இருக்கை வருமா?

பெரும்பாலான எஸ்டேட்டில் சிரமம். குழந்தை இருக்கையைப் பெல்ட் இல்லாமல் நேராக வண்டியோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் வழக்கமாக இரண்டு ஓர இருக்கையில்தான். நடுவே பெல்ட்டில் கட்டும் குறுகிய இருக்கை ஒன்றுதான் வரும், அதுவும் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஐசோஃபிக்ஸில் குழந்தையும் இருக்கையும் சேர்ந்து 33 கிலோ என்பது பொதுவான உச்ச வரம்பு. குழந்தை இருக்கைகளுக்கான, ஐ-சைஸ் எனப்படும் ஆர்129 விதிமுறைப்படி குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும். அதற்குப் பிறகும் எவ்வளவு காலம் முடிகிறதோ அவ்வளவு காலம் பின்னோக்கியே வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன். பின்னோக்கும் இருக்கையை முன்சீட்டில் வைத்தால் அந்தப் பக்க ஏர்பேக்கை அணைத்தே ஆக வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் சீட்டுகளில் பக்கங்கள் உயர்ந்து, நடு குழிந்து இருக்கும். பூஸ்டர் இருக்கை அதில் சரியாக உட்காராமல் ஆடும். வாங்கும் முன் உங்கள் வண்டியிலேயே வைத்துப் பாருங்கள்.

ரூஃப் பாக்ஸ் வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

வருஷத்தில் நாலைந்து நீண்ட பயணம் உண்டென்றால் வாங்குங்கள். ஒரு பயணத்துக்கு மட்டும் என்றால் வாடகைக்கு எடுப்பது மேல்.

முதலில் கூரைச் சுமை. பல எஸ்டேட்டுக்கு 75 அல்லது 100 கிலோ. இதில் கம்பியும் பெட்டியும் அடக்கம். 75 கிலோ கூரையில் கம்பி 5, பெட்டி 20 போனால் உங்களுக்கு மிஞ்சுவது 50. கம்பிக்கும் பெட்டிக்கும் தனித்தனி வரம்பு இருக்கும், மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. படுக்கை, கம்பளி, உடை, தள்ளுவண்டி போன்ற இலேசான, இடத்தை அடைக்கும் பொருள்கள்தான் மேலே போக வேண்டும். புத்தகமும் தண்ணீரும் கீழே.

இரண்டாவது, கூரை வகை. உயர்ந்த ரெயில், கூரையோடு ஒட்டிய ரெயில், ரெயிலே இல்லாமல் மறைந்த துளை என்று மூன்றுக்கும், கம்பியைக் கூரையோடு பிடிக்கும் பாதம் வேறு. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் உட்காராது. கண்ணாடிக் கூரை இருந்தால் கம்பி மாட்டியபின் அதைத் திறக்கலாமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதை நான் காசு கொடுத்துக் கற்றேன். பெட்டியை மாட்டி, அழகாக நடுவில் நிறுத்தி, இறுக்கி முடித்துவிட்டு, டிக்கிக் கதவுப் பொத்தானை அழுத்தினேன். மோட்டார் மெதுவாகக் கதவைத் தூக்கியது, கதவின் மேல்முனை பெட்டியின் வாலில் மோதி நின்றது. பெயிண்டில் ஒரு விரல் நீளக் கீறல் இன்றும் இருக்கிறது. பெட்டியை மாட்டியதும் டிக்கியைக் கையால் பிடித்துக்கொண்டு மெல்லத் திறந்து பாருங்கள். இடித்தால் பெட்டியை முன்னால் தள்ளுங்கள், அல்லது கதவு திறக்கும் உயரத்தைக் குறைத்துச் சேமித்து வையுங்கள், பல மின்சாரக் கதவுகளில் அந்த வசதி உண்டு.

அப்புறம் வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும். 100-இலிருந்து 130-க்குப் போனால் வேகம் 30 சதவீதம்தான் கூடுகிறது, எதிர்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம் கூடுகிறது. எஞ்சினுக்கு அது ஒரு பொருட்டில்லை என்பதால் ஓட்டுபவருக்கு மேலே பெட்டி இருப்பதே மறந்துபோகும். பெரும்பாலான பெட்டிகளின் உச்ச வரம்பு மணிக்கு 130 கி.மீ. நான் பெட்டியோடு 110-ஐத் தாண்டுவதில்லை. கிளம்பி 50 கி.மீ. போனதும் ஓரமாக நிறுத்திப் பாதங்களை ஒருமுறை ஆட்டிப் பாருங்கள், முதல் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். பெட்டியோடு சேர்த்து வண்டியின் மொத்த உயரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். தாழ்ந்த வாகன நிறுத்தத்தின் வாசலில் அது உதவும்.

சைக்கிளைக் கூரையில் ஏற்றுவதா, பின்னால் மாட்டுவதா?

பின்னால், இழுவைக் கொக்கியில். தூக்குவது சுலபம், மைலேஜ் அடிபடுவதும் குறைவு. கொக்கியின் செங்குத்துச் சுமை வரம்பைப் பாருங்கள். 75 கிலோ என்றால், தாங்கி 20, இரண்டு மின்சார சைக்கிள் 25 வீதம் 50, ஆக 70. தொட்டுக்கொண்டு நிற்கிறது. பேட்டரிகளைக் கழற்றி உள்ளே வைத்தால் சில கிலோ குறையும். டிக்கியைத் திறக்கச் சாய்ந்து கொடுக்கும் தாங்கியாக வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு துண்டை எடுக்க சைக்கிளை எல்லாம் இறக்க வேண்டிவரும். நம்பர் பிளேட்டும் விளக்கும் மறைவதால் தாங்கியிலும் அவை இருக்க வேண்டும்.

டிரெய்லர் இழுக்கலாமா?

வண்டியின் ஆவணத்தில் இழுவை எடை எழுதியிருந்தால் இழுக்கலாம். எஞ்சின் பலமாக இருப்பதாலேயே அனுமதி இருக்கும் என்று நினைக்காதீர்கள். சில வேகமான மாடல்களுக்கு அனுமதியே கிடையாது. மின்இணைப்பை உங்கள் மாடலுக்கான கிட்டில் செய்யுங்கள். அப்போதுதான் டிரெய்லர் மாட்டியிருப்பது வண்டிக்குத் தெரியும், ஆடும்போது கட்டுப்படுத்தும் வசதியும் வேலை செய்யும்.

டிக்கி விரிப்பும் மிதியடியும் எது நல்லது?

டிக்கிக்கு, ஓரம் உயர்ந்து தட்டுப் போல இருக்கும் பிளாஸ்டிக்-ரப்பர் கலவை விரிப்பு. சேறு, உப்புத் தண்ணீர், நாய் முடி எல்லாம் அதற்குள் நிற்கும், வெளியே எடுத்து ஹோஸால் அடித்தால் முடிந்தது. மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் சாமான் சறுக்கும், அதனால் சொரசொரப்பானதைத் தேர்ந்தெடுங்கள். பம்பர்மேல் மடித்துப் போடும் நாக்கு ஒன்று சேர்ந்து வந்தால் நல்லது. எஸ்டேட்டில் முதலில் கீறல் விழும் இடம் பம்பரின் மேல்பகுதிதான்.

மிதியடியில் ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பழைய துணி மிதியடியின் மேல் புதிய ரப்பர் மிதியடியைப் போடாதீர்கள். கொக்கி மாட்டாமல் அது முன்னால் நகர்ந்து ஆக்சிலரேட்டரின் அடியிலோ மேலோ ஏறும். இவ்வளவு பிக்கப் உள்ள வண்டியில் ஆக்சிலரேட்டர் அரை நொடி சிக்கினாலும் ஆபத்து. பழையதை எடுத்துவிட்டுப் போடுங்கள், இரண்டு கொக்கியும் ‘டக்’ என்று உட்கார்ந்ததா என்று கையால் இழுத்துப் பாருங்கள்.

டயர் மாற்றும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் சுமைக் குறியீடு: 91 என்றால் ஒரு டயருக்கு 615 கிலோ, 95 என்றால் 690, 98 என்றால் 750, 100 என்றால் 800. எழுத்து வேகம்: எச் 210 கி.மீ., வி 240, டபிள்யூ 270, ஒய் 300. உங்கள் வண்டிக்குச் சொன்னதைவிடக் குறைந்த எண்ணில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். அந்த எண் வேகத்துக்காக மட்டும் வைத்ததில்லை, நிறைந்த டிக்கிக்காகவும் வைத்தது.

காற்றழுத்தம் எரிபொருள் மூடியிலோ கதவுத் தூணிலோ இரண்டு வரியாக இருக்கும், குறைந்த சுமைக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. பயணத்துக்கு முந்தைய நாள், டயர் குளிர்ந்திருக்கும்போது, முழுச் சுமை அளவுக்கு நிரப்புங்கள். திரும்பி வந்ததும் குறையுங்கள். ஆல்-வீல் டிரைவ் வண்டிகளில் நான்கு டயரின் தேய்மானமும் அருகருகே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றளவு வித்தியாசம் டிரைவ் அமைப்பைத் தேய்க்கும். பனி விழும் இடத்தில் இருப்பவர்கள் மூன்று முகடு மலையும் பனித்துகளும் வரைந்த குறியுள்ள டயர் போடுங்கள். கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும், எஞ்சின் பலமாக இருப்பது அங்கே உதவாது.

ஸ்டெப்னியே இல்லை, என்ன செய்வது?

பெரிய பிரேக்கும் பெரிய சக்கரமும் வந்தபின் பல வண்டிகளில் ஸ்டெப்னிக்கு இடமில்லை. ஒட்டும் திரவமும் சிறு கம்ப்ரசரும்தான் தருகிறார்கள். சிறு ஆணிக்கு அது போதும், பக்கச்சுவர் கிழிந்தால் பயன் இல்லை. திரவப் பாட்டிலில் காலாவதி தேதி உண்டு, பாருங்கள். தரைக்கடியில் இடம் இருந்தால் உங்கள் பிரேக்கைத் தாண்டி உட்காரும் ஒல்லி ஸ்டெப்னி வாங்குங்கள், கூடவே ஜாக்கி, சாவி. அதோடு சக்கர போல்ட்டைச் சொன்ன அளவு விசையில் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஒன்று. காலால் மிதித்து இறுக்கும் பழக்கம் இந்தச் சக்கரங்களுக்கு ஆகாது.

சாலையைப் பதிவு செய்யும் டேஷ்கேம் கேமரா வைக்கலாமா?

வைக்கலாம். வெயிலில் நிற்கும் வண்டியென்றால் லித்தியம் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் உள்ள மாடல் நல்லது. நிறுத்தியபின்னும் பதிவாக வேண்டுமென்றால் மின்னழுத்தம் இறங்கியதும் தானே அணையும் கிட் வழியாக இணையுங்கள். எஸ்டேட்டில் பின்கேமரா ஒயர் கதவின் ரப்பர் குழாய் வழியாகப் போக வேண்டும், அதை அவசரமாகச் செருகினால் நாளடைவில் அறுந்துவிடும்.

எஞ்சினையும் பிரேக்கையும் எப்படிப் பார்த்துக்கொள்வது?

டர்போ எஞ்சினில் தண்ணீர் சூடாகிவிட்டது என்பதற்காக ஆயில் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆயில் பின்தங்கியே வரும். ஆயில் வெப்பமானி இருந்தால் 80 டிகிரி தாண்டும்வரை ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் மிதிக்காதீர்கள். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் ஐந்து நிமிட ஓட்டம் மட்டுமே உங்கள் வண்டிக்குக் கிடைக்கிறதென்றால், கையேட்டில் சொன்ன இடைவெளிக்கு முன்பே ஆயில் மாற்றுங்கள். சரியான தரத்தில் ஒரு லிட்டர் ஆயில், மூடி இறுக்கி, ஒரு பையில் சுற்றி டிக்கியின் தரைக்கடியில் இருக்கட்டும். பலமான எஞ்சின்கள் கொஞ்சம் ஆயில் குடிக்கும்.

பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். 2 டன் வண்டியில் 500 கிலோ ஏற்றினால் அதே வேகத்தில் நிறுத்த வேண்டிய ஆற்றல் கால்பங்கு கூடுகிறது. மலையிறக்கத்தில் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டு வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்.

எஞ்சின் மென்பொருளை மாற்றி இன்னும் பலம் கூட்டலாமா?

குடும்ப வண்டியில் வேண்டாம் என்பேன். கியர்பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் ஒரு முறுக்குவிசை வரம்பு உண்டு, வாரண்டி போகும், காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால் விபத்தன்று சிக்கல். அந்தப் பணத்தில் நான்கு நல்ல டயர் வாங்குங்கள், வித்தியாசம் முதல் மழையிலேயே தெரியும்.

எவை தேவையில்லை?

பக்க ஏர்பேக் உள்ள சீட்டுக்குப் பொதுவான சீட் கவர் வேண்டாம், ஏர்பேக் விரிவதை அது தடுக்கலாம். சீட்டின் பின்புறத்தில் தொங்கவிடும் கனமான டேப்லெட் தாங்கி வேண்டாம். பயன்படுத்தாதபோது கூரையில் நிரந்தரமாக நிற்கும் குறுக்குக் கம்பியும் வேண்டாம், அது ஊளையிடும், எரிபொருளும் கூடும்.

டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டியவை என்ன?

எச்சரிக்கை முக்கோணம், பளிச்சிடும் மேலங்கி, முதலுதவிப் பெட்டி, தலையில் மாட்டும் டார்ச், கையுறை, ஒரு பழைய போர்வை. மேலங்கி மட்டும் டிக்கியில் வேண்டாம், கதவுப் பையில் இருக்கட்டும். அதை வண்டியை விட்டு இறங்கும் முன்பே போட வேண்டும்.

கழற்றிய கம்பி, பெட்டி எல்லாவற்றையும் எங்கே வைப்பது?

பெட்டியைச் சுவரில் இரண்டு பட்டையில் தொங்கவிடலாம், அல்லது கூரையிலிருந்து கப்பியில் இழுத்து வைக்கலாம். செங்குத்தாக நிறுத்தி ஒரு முனையில் மட்டும் எடை நிற்கும்படி விட்டால் மாதக்கணக்கில் வளைந்துபோகும். கம்பிகளின் பாதங்களைத் துடைத்து, சாவியை அதனோடேயே கட்டி, முன்-பின், இடது-வலது என்று டேப் ஒட்டி எழுதுங்கள். கழற்றும் முன் கம்பி ரெயிலில் நின்ற இடத்தை அளந்து குறித்துக்கொண்டால் அடுத்த முறை மாட்ட இருபது நிமிடம் போதும். டிக்கிக் கதவும் இடிக்காது.